மோட்டார் சைக்கிள் பற்றரி: புதியது வாங்குவதற்கு முன்னும் வாங்கிய பின்னும்

வடக்கிலும் கிழக்கிலும் மோட்டார் சைக்கிள் என்பது இளைஞர்கள் சுற்றித் திரியும் வாகனம் மட்டுமல்ல. அதிகாலையில் மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு கரையிலிருந்து ஊருக்குள் போகும் வியாபாரி, தூரத்துப் பாடசாலைக்குப் போகும் ஆசிரியை, பிள்ளையை முன்பள்ளியில் இறக்கிவிட்டுத் தையல் வேலைக்குப் போகும் தாய் என்று பலருடைய நாள் அதில்தான் தொடங்குகிறது. பஸ் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக ஓடும் வன்னிக் கிராமங்களில் வண்டி ஸ்ராட் ஆகாவிட்டால் அன்றைய உழைப்பும் இல்லை.

ஸ்ராட் ஆகாத வண்டியைக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "பற்றரி போச்சுது, புதுசு போடுங்கோ" என்பதுதான். பல வேளைகளில் இது பாதி உண்மை. பற்றரி செத்திருக்கும். ஆனால் அதைச் சாகடித்தது எது என்று பார்க்காமல் புதியதைப் போட்டால் அதுவும் அதே வழியில் போகும். ஒரே வருடத்தில் இரண்டு பற்றரி மாற்றியவர்களுக்கு இது தெரியும். ஒழுங்காகப் பராமரித்த சாதாரண மோட்டார் சைக்கிள் பற்றரி எங்கள் வெக்கையிலும் இரண்டு மூன்று வருடங்கள் உழைக்க வேண்டும். அதற்கு முன்னரே போனால் காரணம் இருக்கிறது.

இன்னொரு கூட்டத்தினருக்கு இந்த விடயம் இன்னும் முக்கியமானது. போரில் காலை இழந்தவர்கள் பலர் இன்று பக்கச் சில்லுப் பொருத்திய ஸ்கூட்டர்களில் ஓடித் திரிகிறார்கள். பற்றரி இறங்கினால் மற்றவர்கள் கிக்கரை மிதிப்பார்கள், அல்லது தள்ளி ஓடி ஸ்ராட் பண்ணுவார்கள். இவர்களுக்கு அந்த இரண்டு வழியும் இல்லை. செல்ப் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான். கியர் இல்லாத ஸ்கூட்டரை யார் தள்ளினாலும் ஸ்ராட் ஆகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பற்றரியின் அருமை எங்கள் சனத்துக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின்னர் வந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல், மண்ணெண்ணெயுடன் பற்றரியும் தடைப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலில் திரி போட்டுப் பிள்ளைகள் படித்தார்கள். சில துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. தீர்ந்துபோன ரோச் பற்றரியை வெயிலில் காயவைத்து இன்னும் ஒரு இரவுக்கு எடுத்தோம். அந்தக் காலத்துச் சிக்கனத்தில் பல நல்ல பழக்கங்கள் வந்தன. ஆனால் ரோச் பற்றரிக்குச் செய்தவை மோட்டார் சைக்கிள் பற்றரிக்குப் பொருந்தாது. அது வேறு சாமான். வெயில் அதற்கு எதிரி.

உள்ளே என்ன நடக்கிறது

12 வோல்ற் பற்றரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ற் தரும். ஒவ்வொரு அறையிலும் ஈயத் தகடுகளும் தண்ணீர் கலந்த கந்தக அமிலமும் உண்டு. மின்சாரம் எடுக்கும்போது அமிலத்தின் ஒரு பகுதி தகட்டில் ஈய சல்பேற்றாகப் படிகிறது, கரைசல் தண்ணீர்த்தன்மை அடைகிறது. திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது அந்தப் படிவு கரைந்து அமிலமாகிறது. இதற்குள் ஒரு பொறி இருக்கிறது. இறங்கிய நிலையில் பற்றரியை நாட்கணக்கில் விட்டுவிட்டால் மெல்லிய படிவு கடினமான பளிங்காக மாறிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அது முழுதாகக் கரையாது. பற்றரி "பிடிக்காது" என்று நாங்கள் சொல்வது இதைத்தான். ஓடித் தேய்ந்து போகும் பற்றரிகளை விட இறங்கிய நிலையில் சும்மா நின்று போகும் பற்றரிகள் அதிகம் என்பதே என் கணிப்பு.

முதலில் குற்றவாளியைக் கண்டுபிடியுங்கள்

இதற்குத் தேவையானது ஒரு சாதாரண டிஜிற்றல் மல்ரிமீற்றர். எலெக்ரோனிக் கடைகளில் கிடைக்கும் மலிவானதே போதும். ஒரு புதிய பற்றரியின் விலையோடு பார்த்தால் அது சிறு தொகை. ஒரு ஒழுங்கையில் நாலு வீட்டுக்கு ஒன்று இருந்தாலே காணும்.

இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன்னர், மீற்றரை டி.சி. 20 வோல்ற்றில் வைத்துப் பற்றரியின் இரண்டு முனைகளிலும் தொட்டுப் பாருங்கள். 12.6 முதல் 12.8 வரை காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால் பங்கு. 12.2 அரைவாசி. 12.0 கால்வாசி. 11.8 அல்லது அதற்குக் கீழே என்றால் வெறுமை. ஓடி நிறுத்திய உடனே பார்த்தால் பொய்யான கூடிய அளவு காட்டும், அதனால்தான் இரவு முழுக்க விடச் சொல்கிறோம். 12 வோல்ற் பற்றரி 12 காட்டுகிறதே, சரிதானே என்று திருப்திப்படுபவர்கள் உண்டு. 12 காட்டும் பற்றரியில் முக்கால்வாசி போய்விட்டது.

அடுத்தது, மீற்றரைத் தொட்டபடியே ஒருவரைச் செல்ப் அடிக்கச் சொல்லுங்கள். வோல்ற் இறங்கும். 10க்குக் கிட்ட நின்றால் பரவாயில்லை. நிறைந்திருந்த பற்றரி அடித்தவுடன் 8, 7 என்று விழுந்தால் அதன் உள்ளே ஓர் அறை போய்விட்டது அல்லது தகடுகள் முடிந்துவிட்டன. அதற்கு மாற்று இல்லை, புதியதுதான்.

மூன்றாவது சோதனைதான் பலர் செய்யாதது. வண்டியை ஸ்ராட் பண்ணி, அக்சிலேற்றரை நடுத்தர அளவுக்கு முறுக்கிப் பிடித்து மீற்றரைப் பாருங்கள். 13.5க்கும் 14.5க்கும் இடையில் வர வேண்டும். எஞ்சின் ஓடும்போதும் 12.3, 12.4 என்று ஏறாமல் நின்றால் வண்டி பற்றரிக்குச் சார்ஜ் கொடுக்கவில்லை. மக்னற் கொயில், றெகுலேற்றர், அவற்றுக்கு இடையிலுள்ள சொக்கற், எர்த் வயர் ஆகியவற்றில் ஒன்றில் பிழை இருக்கிறது. பல வேளைகளில் அது கறுத்துப்போன ஒரு சொக்கற் அல்லது துருப்பிடித்த எர்த் போல்ற் மட்டுந்தான். மாறாக 15க்கு மேலே போனால் றெகுலேற்றர் கட்டுப்படுத்தவில்லை. அப்படிப்பட்ட வண்டியில் பல்ப்கள் அடிக்கடி எரிந்து போகும், பற்றரித் தண்ணீர் கிழமைக்கு ஒருமுறை வற்றும், மூடிய பற்றரி என்றால் வயிறு ஊதும். இந்த இரண்டு நிலைகளிலும் புதிய பற்றரி போடுவது காசைக் கிணற்றில் போடுவதுதான்.

கராஜில் "பற்றரி மாத்த வேணும்" என்றால், "அண்ணை, ஓடேக்க எத்தனை வோல்ற் ஏறுது எண்டு ஒருக்கால் பாத்துச் சொல்லுங்கோ" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் கோபிக்க மாட்டார். அவரிடம் மீற்றரே இல்லை என்றால், அங்கே பற்றரி மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எதை வாங்குவது

பழைய பற்றரியைக் கழற்றிக் கையோடு கொண்டு போவது பாதி வேலையை முடித்துவிடும். பார்க்க வேண்டியவை வோல்ற், அம்பியர் மணி, நீள அகல உயரம், பிளஸ் முனை எந்தப் பக்கம் என்பவை. எங்கள் பக்கத்தில் இன்னும் ஓடும் பழைய ஹொண்டா வண்டிகளில் 6 வோல்ற் உள்ளவையும் உண்டு. அவற்றுக்கு 12 வோல்ற் போட்டால் பல்ப்கள் எல்லாம் ஒரே நேரத்தில் போய்விடும். பிளஸ் முனை மற்றப் பக்கத்தில் இருக்கும் பற்றரியை "வயரைக் கொஞ்சம் இழுத்துக் கொழுவலாம்" என்று கடைக்காரர் சொன்னாலும் எடுக்காதீர்கள். இழுபட்ட வயர் ஒரு நாள் சட்டத்தில் உரசும்.

அம்பியர் மணி என்பது பற்றரியின் கொள்ளளவு. 100, 110 சிசி வண்டிகளுக்கு 2.5 முதல் 5 வரை, 150 சிசிக்கு அதற்கு மேலே என்று வண்டிக்கு வண்டி மாறும். கொம்பனி சொன்ன அளவே சரி. சிறிது கூடியது பெட்டிக்குள் அளவாக இருந்தால் பாதகமில்லை. ஆனால் பெரிய பற்றரி போட்டால் நீண்ட நாள் உழைக்கும் என்ற நம்பிக்கை சரியல்ல. நிரப்ப வேண்டிய மக்னற் அதே சின்ன மக்னற்தான்.

தண்ணீர் விடும் சாதாரண பற்றரியா, மூடிய பற்றரியா என்ற கேள்விக்கு என் பதில், அது உங்களைப் பொறுத்தது. மாதம் ஒருமுறை சீற்றைக் கழற்றித் தண்ணீர் மட்டத்தைப் பார்ப்பீர்கள் என்றால் சாதாரண பற்றரி மலிவானது, ஒவ்வொரு அறையையும் தனித்தனியே சோதிக்கவும் முடியும். பார்க்க மாட்டீர்கள் என்றால், உண்மையைச் சொன்னால் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை, மூடியதை வாங்குங்கள். குன்றும் குழியுமான பாதையில் ஓடுபவர்களுக்கும் மூடியதுதான் நல்லது, அமிலம் தளும்பிச் சிந்தாது. அதன் மூடியை ஒருபோதும் நெம்பித் திறக்கக் கூடாது. லித்தியம் பற்றரிகளும் சந்தைக்கு வருகின்றன. பாரம் குறைவு, விலை கூட, எல்லா வண்டியின் சார்ஜிங்கும் அதற்கு ஒத்து வராது. உழைப்புக்கு ஓடும் வண்டிக்கு இப்போதைக்கு அது தேவையில்லை.

திருத்திய பழைய பற்றரி மலிவாகக் கிடைக்கும். மேலே பெயின்ற் பளபளக்கும். உள்ளே தகடு பழையதுதான். வாங்காமல் விடுங்கள்.

கடையில் அமிலத்தோடு நிரப்பி வைத்திருக்கும் பற்றரியை வாங்கும் முன்னர் திகதி முத்திரையைக் கேட்டுப் பார்த்து, வோல்ற்றை அளக்கச் சொல்லுங்கள். 12.4க்குக் கீழே என்றால் அது தட்டில் கிடந்தே நோய்வாய்ப்பட்டது. கடை எவ்வளவு தெரிந்த கடை என்றாலும் பில்லும் உத்தரவாத அட்டையும் திகதியோடு வேண்டும். இவை இல்லாமல் மூன்றாம் மாதம் திரும்பிப் போனால் பேச இடமிருக்காது.

முதல் நாள்

அமிலம் வேறாகவும் பற்றரி வேறாகவும் வரும் உலர் பற்றரி வாங்கினால், அதன் ஆயுள் பெரும்பாலும் முதல் நாளிலேயே தீர்மானமாகிறது. கடையில் நடப்பது இதுதான். அமிலத்தை ஊற்றுவார்கள், வண்டியில் பூட்டுவார்கள், செல்ப் அடிப்பார்கள், ஸ்ராட் ஆகும், எல்லோருக்கும் சந்தோசம். அப்படிப் பூட்டிய பற்றரி தன் முழுக் கொள்ளளவை ஒருபோதும் எட்டாமல் போகலாம்.

சரியான முறைக்குப் பொறுமை வேண்டும். காற்றுக் குழாயின் வாயை அடைத்திருக்கும் சிவப்பு மூடியை முதலில் கழற்ற வேண்டும். இதை மறந்தால் உள்ளே சேரும் வாயு வெளியேற வழியில்லாமல் பற்றரி வீங்கும், வெடிக்கவும் கூடும். மேல் கோடு வரை அமிலத்தை நிரப்பி, குறைந்தது அரை மணி நேரமாவது சும்மா வைக்க வேண்டும். தகடுகள் உறிஞ்சி மட்டம் இறங்கும். இந்த ஒரே ஒரு தடவை மட்டும் அமிலத்தாலேயே மட்டத்தைச் சரிசெய்யலாம். அதன் பின்னர் மெதுவான சார்ஜரில் சில மணி நேரம் ஏற்றிய பிறகே வண்டியில் பூட்ட வேண்டும். கடைக்காரரிடம் இன்று கொடுத்து நாளை வந்து எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டால் அவருக்கும் அவசரமில்லை.

பூட்டும்போது பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். கழற்றும்போது மைனஸ் முதலில். காரணம் எளிது. மைனஸ் பூட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகும் ஸ்பனர் வண்டிச் சட்டத்தில் பட்டால் தீப்பொறி பறக்கும். பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கொழுவினால் பியூஸ் மட்டும் போனால் அதிர்ஷ்டம், றெகுலேற்றரும் போகலாம். காற்றுக் குழாய் மடியாமல், நசுங்காமல், செயினுக்கும் சைலன்சருக்கும் அப்பால் கீழே இறங்க வேண்டும். அதிலிருந்து வரும் அமில ஆவி செயினைத் தின்னும்.

எந்தத் தண்ணீர்

சாதாரண பற்றரியில் வற்றுவது தண்ணீர் மட்டுந்தான், அமிலம் உள்ளேயே நிற்கும். ஆகவே விட வேண்டியதும் காய்ச்சி வடித்த தண்ணீர் மட்டுந்தான். பெற்றோல் நிலையங்களிலும் உதிரிப்பாகக் கடைகளிலும் பற்றரித் தண்ணீர் என்று போத்தலில் விற்பது அது. "கொஞ்சம் அசிட் விட்டால் பலமாக இருக்கும்" என்று விடுபவர்கள் தகட்டை அரித்துத் தின்னக் கொடுக்கிறார்கள். இரண்டு நாள் பலம் தெரியும், பிறகு இருக்காது.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறிய தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள், பல இடங்களில் உப்பும் சேர்ந்திருக்கிறது. அது பற்றரிக்குள் போனால் தகட்டிலும் அதே கதைதான். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரும் உதவாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. கூரைத் தகரத்தில் பிடித்த மழைத் தண்ணீரும் வேண்டாம். இப்போது ஊருக்கு ஊர் வந்துள்ள சுத்திகரிப்பு நிலையத்துக் குடிதண்ணீரைச் சிலர் விடுகிறார்கள். அது குடிக்க நல்லது, ஆனால் அதிலும் ஓரளவு உப்பு மிச்சம் உண்டு.

மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் இடையில் மட்டம் நிற்க வேண்டும். தகடு வெளியே தெரிய விட்டால் தெரிந்த பகுதி செத்துவிடும். ஆறு அறைகளில் ஒன்று மட்டும் தொடர்ந்து வற்றினால், அல்லது கராஜில் அடர்த்திமானி வைத்துப் பார்க்கும்போது ஐந்து அறை 1.260க்கு மேலும் ஒன்று மட்டும் 1.200க்குக் கீழும் காட்டினால் அந்த அறை முடிந்தது.

சார்ஜ் ஏற்றுவது

விதி ஒன்றுதான். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு. 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு அரை அம்பியர். அப்படி ஏற்றினால் வெறுமையான பற்றரி நிறையப் பத்து மணி நேரமோ அதற்குச் சற்றுக் கூடவோ எடுக்கும். பல பற்றரிகளின் பக்கத்திலேயே இந்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். ஊரில் சார்ஜ் ஏற்றும் கடைகளில் லொறிப் பற்றரியோடு ஒரே வரிசையில் மோட்டார் சைக்கிள் பற்றரியையும் கொழுவி ஒரு மணி நேரத்தில் தந்துவிடுவார்கள். பற்றரி சுடும், குமிழி கொதிக்கும், தகட்டிலுள்ள பசை உதிரும். கையை வைத்தால் இளஞ்சூட்டுக்கு மேலே போகும் பற்றரியின் சார்ஜை உடனே நிறுத்த வேண்டும்.

வீட்டில் வைத்திருக்க மோட்டார் சைக்கிளுக்கென்றே வரும் தானியங்கிச் சிறு சார்ஜர் போதும். நிறைந்ததும் தானே குறைத்துக்கொள்ளும். மடிக்கணினியின் 19 வோல்ற் சார்ஜரை வெட்டி வயர் கொழுவுவது ஆபத்தான விளையாட்டு, அதைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லை.

கூரையில் சிறு சோலர் பனல் வைத்திருக்கும் வீடுகள் வன்னியில் ஏராளம். 10 வோற் பனல் நல்ல வெயிலில் ஏறத்தாழ அரை அம்பியர் தரும். 5 அம்பியர் மணிப் பற்றரிக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். ஆனால் பனலை நேரே பற்றரியில் கொழுவிவிட்டு மறந்துவிடக் கூடாது. 12 வோல்ற் பனல் என்று சொன்னாலும் சுமை இல்லாதபோது 20 வோல்ற் அளவில் நிற்கும். இடையில் சார்ஜ் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று வேண்டும். பனல் வெயிலிலும் பற்றரி நிழலிலும் இருக்க வேண்டும்.

சார்ஜ் ஏறும்போது ஐதரசன் வாயு வெளியேறும். காற்றில் அது நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். எனவே மூடிய அறையில், குசினியில், சாமி விளக்கு எரியும் மூலையில், பிள்ளைகள் படுக்கும் இடத்தில் சார்ஜ் போடக் கூடாது. விறாந்தை நல்ல இடம். கிளிப்பைக் கழற்றுவதற்கு முன்னர் சுவிச்சை நிறுத்துங்கள், பொறி பறக்காது. அமிலம் கண்ணில் தெறித்தால் வேறு எதையும் தேடாமல் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் வரை இமையைத் திறந்து பிடித்துக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்பச்சோடாக் கரைசல் பற்றரி முனைக்கு மட்டும். கண்ணுக்கு அல்ல.

அந்த முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சைப் பூஞ்சணம் போன்ற படிவை அப்பச்சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, பழைய பல்துலக்கியால் தேய்த்து, உலர்ந்த பின் வசிலின் பூசினால் போதும். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், அந்தத் தண்ணீர் அறைக்குள் போகக் கூடாது. "செல்ப் கிளிக் கிளிக் எண்டுது" என்று வரும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இதுவும் ஒரு போல்ற்றை இறுக்குவதுமே வைத்தியம்.

நின்றுபோன வண்டிகள்

2022இல் இதைப் பலர் பெரிய விலை கொடுத்துப் படித்தார்கள். பெற்றோல் இல்லாமல் வண்டிகள் கிழமைக்கணக்கில் வீட்டில் நின்றன. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் கிடைத்தது. அந்த வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டும் இருந்ததால் சார்ஜ் போடவும் வழியில்லை. பெற்றோல் கிடைத்த நாளில் பற்றரி செத்திருந்தது. 2020 மார்ச் முதல் சில வருடங்கள் வாகன இறக்குமதியும் நிறுத்தப்பட்டிருந்தபடியால் பழைய வண்டியைக் கைவிடவும் முடியவில்லை.

வண்டி இரண்டு கிழமைக்கு மேல் நிற்கப் போகிறது என்றால் பற்றரியை நிரப்பி, மைனஸ் வயரைக் கழற்றி வையுங்கள். எங்கள் சூட்டில் பற்றரி தானாகவும் இறங்கும். ஆகவே மாதம் ஒருமுறை திரும்ப ஏற்ற வேண்டும். மகன் கட்டாருக்குப் போய்விட்டான், வண்டி கொட்டிலுக்குள் சீலையால் மூடி நிற்கிறது என்ற வீடுகள் இதைச் செய்தால் அவன் வரும்போது புதிய பற்றரிச் செலவு இருக்காது. கிழமைக்கு ஒருமுறை ஸ்ராட் பண்ணி ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்து உறும விடுவது பலரின் வழக்கம். மெதுவாக ஓடும் எஞ்சின் செல்ப் அடித்ததற்குச் செலவான சார்ஜைக் கூடத் திருப்பித் தராமல் போகலாம். ஸ்ராட் பண்ணினால் அரை மணி நேரம் ரோட்டில் ஓடுங்கள்.

ஓடும் வண்டிக்கும் சில பழக்கங்கள் உதவும். கிக்கர் உள்ள வண்டியில் காலையில் முதல் ஸ்ராட்டைக் கிக்கரில் எடுங்கள். செல்ப்பை ஐந்து விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காமல், இடையில் அரை நிமிடம் விடுங்கள். பார்க்கிங் லைற் எரியும்படி சாவியை விட்டுவிட்டு மரணவீட்டுக்குள்ளோ கோவிலுக்குள்ளோ போனால், முன்னும் பின்னும் 5 வோற் பல்ப்கள் இரண்டு 5 அம்பியர் மணிப் பற்றரியை ஆறு மணி நேரத்தில் வெறுமையாக்கிவிடும். கூடுதல் எல்.ஈ.டி. லைற், இரட்டை ஹோண், திருட்டு அலாரம் எல்லாம் பூட்டிய பிறகு பற்றரி நிற்கவில்லை என்றால் பற்றரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிக்கரில் ஓடுவதும் கூடாது. பல வண்டிகளில் பற்றரிதான் வோல்ற்றை அமைதிப்படுத்துகிறது, அது இல்லாவிட்டால் பல்ப்களும் மற்ற மின் பாகங்களும் போகும். எரிபொருளைத் தெளிக்கும் புதிய ரக வண்டிகளில் பற்றரி முழுக்க இறங்கினால் கிக்கரும் சில வேளை கைவிடும்.

நடுவழியில் நின்றால் ஓட்டோ அல்லது கார்ப் பற்றரியிலிருந்து எடுக்கலாம், 12 வோல்ற்றுக்கு 12 வோல்ற் என்றால் மட்டும். அந்த வாகனத்தின் எஞ்சின் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். பிளஸ்ஸுக்குப் பிளஸ், பிறகு மைனஸை உங்கள் வண்டியின் பெயின்ற் இல்லாத இரும்பில் கடைசியாகத் தொடுங்கள். செல்ப்பை மட்டும் நம்பியிருக்கும் மாற்றுத்திறனாளிகள் மாதத்தில் ஒரு நாளை வைத்து இரவு நின்ற வோல்ற்றைப் பார்த்து எழுதி வைப்பது நல்லது. அது மாதத்துக்கு மாதம் குறைந்து 12.4க்குக் கீழே வரும்போதே ஏற்ற வேண்டும், ஏற்றியும் நிற்கவில்லை என்றால் நடுவழியில் நிற்பதற்கு முன்னரே மாற்றலாம். கைத்தொலைபேசி போலச் சார்ஜ் ஏற்றி வைக்கும் சிறிய ஜம்ப் ஸ்ராட்டர்களும் இப்போது கிடைக்கின்றன. இவர்களுக்கு அது வீண் செலவு அல்ல.

பழையதை என்ன செய்வது

புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார்கள். அதுவே சரியான வழி. கொண்டு போகும்போது நிமிர்த்தி வைத்துக் கட்டுங்கள். கிணற்றடியில் அமிலத்தை ஊற்றிவிட்டு இரும்புக்காரருக்கு எடை போடுவது கூடாது. அந்த அமிலத்தோடு ஈயமும் போகிறது, சுண்ணாம்புக்கல் நிலத்தில் அது கிணற்றுக்குப் போக நெடுநாள் எடுக்காது.

பற்றரியை உடைத்து ஈயத்தை அடுப்பில் உருக்கி வலைக்குக் குண்டு வார்ப்பவர்கள் இருந்தால் இதைக் கட்டாயம் வாசிக்க வேண்டும். செனகல் நாட்டின் தலைநகர் டக்காரின் புறநகரான தியாரோயே சூர் மேரில், பழைய பற்றரிகள் உடைக்கப்பட்ட இடத்து மண்ணிலிருந்து சனங்கள் ஈயம் பொறுக்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 சிறு பிள்ளைகள் இறந்தார்கள். அந்த ஈயத் தூசு வீடுகளுக்குள்ளும் முற்றங்களிலும் படிந்திருந்தது. குறைந்த அளவு ஈயமும் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், அதற்குக் காய்ச்சலோ வலியோ முன்னறிவிப்பாக வராது. வலைக்குண்டைக் கடையில் வாங்குங்கள். செத்த பற்றரி கொட்டிலில் கிடந்தால், அதைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில், நிமிர்த்தி, ஒரு பழைய பிளாஸ்ரிக் தாச்சிக்குள் வைத்து, அடுத்த முறை சந்தைக்குப் போகும்போது பற்றரிக் கடையில் கொடுத்துவிடுங்கள்.